உப்பும் உரிமையும்

ஆனையிறவு உப்பளம் 1990ஆம் ஆண்டு யுத்தத்தினால் மூடப்பட்டதையும், நெடுங்காலங் கழித்து 2025 மார்ச்சில் அங்கு உப்புத் தொழிற்சாலை திறந்துவைக்கப்பட்டதையும் நம் வாசகர் அறிவர். அவ்வுப்புப் பொதியின்மீது எந்தப் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்ற வாதம் எழுந்தபோது, மண்ணின் பெயரே வேண்டும் என்று தமிழ் மக்கள் குரல் கொடுத்தனர். அக்குரல் நியாயமானது. அதிலிருந்து பின்வாங்குமாறு எவருக்கும் நாம் யோசனை கூறோம். ஆனால் பொதியின் வெளியே எழுதப்படுவதிற் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையேனும், பொதியின் உள்ளே இருப்பதில் எவ்வளவு நம் உடம்பிற் சேர்கின்றது என்பதிலும் நாம் காட்டினோமா? இல்லை என்பதே நேர்மையான விடை.

உயர் இரத்த அழுத்தம் என்று நூலோரும், ‘பிறஷர்’ என்று ஊராரும் வழங்கும் நோய் இன்று முதியோர்க்கோ செல்வர்க்கோ மட்டும் உரியதன்று. 2015ஆம் ஆண்டு இலங்கை முழுவதிலும் 18 முதல் 69 வயது வரையுள்ளோரிடையே நடத்தப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. உலகளவில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 128 கோடிப் பேர் இதற்கு ஆளானவர் என்றும், அவர்களுட் பாதிக்குச் சற்றுக் குறைந்த தொகையினர் தமக்கு இந்நோய் உண்டென்பதையே அறியாதவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இந்நோய் பெரும்பாலும் வலி தருவதில்லை, காய்ச்சல் தருவதில்லை, படுக்கையிற் கிடத்துவதுமில்லை. பல ஆண்டுகள் ஓசையின்றி உடனுறைந்து, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகங்களின் செயலிழப்பாகவோ வெளிப்படுகின்றது. அன்று அக்குடும்பம் உழைக்கும் கையொன்றை இழக்கின்றது. விழுந்தவரைப் பராமரிக்கும் பொருட்டு இன்னொரு கையும் தொழிலைக் கைவிடுகின்றது. போரிலும் புலப்பெயர்விலும் எண்ணற்ற கைகளை இழந்த ஒரு சமூகம், எஞ்சிய கைகளையும் இவ்வாறு பறிகொடுப்பதைப் பார்த்திருத்தல் தகுமா? அதனாலேயே இதனை வைத்தியர்க்குரிய பொருளென்று ஒதுக்கிவிடாது, அரசியற் பத்திரிகையில் எழுதுகின்றோம்.

நம் ஊர் வைத்தியசாலைகளில் வாரந்தோறும் நிகழும் காட்சி ஒன்றுண்டு. விடியுமுன் எழுந்து, முதற் பேருந்தைப் பிடித்து, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்திருப்பார் ஒரு தாய். நண்பகல் அணுகும் வேளையில் அவர் முறை வரும். கையிற் பட்டி சுற்றி அழுத்தம் அளப்பார்கள்; தராசில் ஏற்றி நிறை பார்ப்பார்கள்; இரண்டு எண்கள் கொப்பியில் ஏறும். “அம்மா, உப்பைக் குறையுங்கோ, உடம்பையும் குறையுங்கோ” என்பார் வைத்தியர். “ஓம் டொக்டர்” என்பார் தாய். அவ்வளவே. வெளியே நூறு பேர் காத்திருக்க, ஒருவரோடு நெடுநேரம் உரையாட அவ்வைத்தியருக்கு நேரமில்லை. அவரை நாம் குறைகூறவில்லை. அடுத்த மாதமும் அந்த எண்கள் இறங்கியிரா. அப்பொழுது, “சொன்னாற் கேட்கிறதில்லை” என்ற பழி தாயின் தலையில் விழும்.

இப்பழி நீதியானதா என்பதே நமது கேள்வி. சட்டத்தை அறியாமை மன்னிப்பாகாது என்பது நீதிமன்றங்களின் பழைய கோட்பாடு. ஆயினும் அக்கோட்பாடு நீதியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சட்டம் முதலிற் பகிரங்கப்படுத்தப்பட்டிருத்தல் வேண்டும். எவருக்கும் அறிவிக்கப்படாத விதியை மீறினான் என்று ஒருவனைக் கூண்டில் ஏற்றுதல் நீதியன்று. உப்பைக் குறை என்பது கட்டளை. எவ்வளவு குறைப்பது, உப்பு எதனுள் ஒளிந்திருக்கின்றது, அதனை விடுத்து எதனை உண்பது என்பனவே விதிகள். கட்டளை வந்தது; விதிகள் வந்தனவா? அத்தாயின் மொழியில், அவர் அடுக்களைக்குப் பொருந்தும் அளவையில் வந்தனவா? வராதவரை, குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் அவரல்லர்.

விதிகள் அரியனவுமல்ல. வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கின்றது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய தேக்கரண்டி ஒன்றின் அளவு அது. உலக மக்கள் சராசரியாக உண்பதோ அதன் இருமடங்குக்கும் மேல். இதனை வீட்டுக் கணக்கிற் சொல்வோம். பெரியோர் நால்வர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு 20 கிராம் என்றால், கடையில் வாங்கும் 400 கிராம் பொதி 20 நாட்களுக்குக் குறையாமல் வர வேண்டும். அதுவும் உப்பு வேறு எவ்வழியாலும் வீட்டினுள் நுழையாவிடின். வெளியே வாங்கும் பண்டங்களின் வழியாகப் பாதி வருமாயின், அப்பொதி 40 நாட்களுக்கு வர வேண்டும். நம் வீட்டுப் பொதி எத்தனை நாளில் முடிகின்றது? பொதியை உடைத்த நாளை அதன்மீதே எழுதி வைத்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். அந்த ஒரு கணக்கு, பல அறிவுரைகளிலும் தெளிவாகப் பேசும்.

உப்பு என்றவுடன் நம்மவர் சாப்பாட்டு மேசையில் உள்ள உப்புக் கிண்ணத்தையே நினைக்கின்றனர். கறியில் இடுவதையும் ஓரளவு அறிவர். ஆனால் காலையில் உண்ணும் பாணில் உப்புண்டு. தேநீரோடு கடிக்கும் பணிசிலும் ரோல்சிலும் உண்டு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், மிக்சர், சோயா மீற், பைக்கற் நூடில்ஸ், சூப்புக் கட்டி ஆகியவற்றிலோ உப்பு மிகுதியாகவே உண்டு. நாவுக்கு இனிக்கும் பிஸ்கற்றிலும் உப்பு இருப்பதைப் பலர் அறியார். பொதிகளின் பின்புறத்தில் ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் எழுதியிருப்பதை இரண்டரையாற் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. இவ்வெளிய பெருக்கலைக் கற்பிக்கப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவன் தன் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

அறிவு செல்லாத இடத்தில் தவறான நம்பிக்கை குடியேறும். வறுத்த உப்புத் தீங்கு செய்யாது என்பர் சிலர். வறுத்தால் ஈரம் போகுமேயன்றிச் சோடியம் போகாது. இந்துப்பு நல்லது என்று கூடிய விலை கொடுத்து வாங்குவர் சிலர். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைட்டே. அன்றியும் நாம் உண்ணும் சிறிதளவு உப்பு அயடீன் சேர்ந்த உப்பாகவே இருத்தல் நன்று. அழுத்தம் இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவர் வேறு சிலர். அழுத்தம் இறங்கியிருப்பது மாத்திரையின் உதவியாலும் ஆகலாம். வைத்தியரைக் கேளாது நிறுத்துதல், பாலத்தைக் கடக்குமுன் அதன் தூணை அகற்றுவது போன்றது. உணவு மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.

இனி, உடம்பின் நிறையைப் பற்றிச் சில சொல்வோம். நிறையைக் கேலிக்குரிய பொருளாகவோ, வெட்கத்துக்குரிய பொருளாகவோ கருதும் வழக்கம் ஒழிய வேண்டும். அஃது ஓர் அளவை மட்டுமே. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை உடற்றிணிவுச் சுட்டி என்பர். ஆசிய மக்களுக்கு அச்சுட்டி 23ஐ எட்டும்போதே ஆபத்து வளரத் தொடங்குவதால், அந்நிலையிலேயே விழிப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துக்காட்டியது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு அது 59 கிலோ. எழுபது கிலோ நிறையுள்ளவர் உடனே 59க்கு இறங்க வேண்டும் என்பதில்லை. குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் மேல் அழுத்தம் இறங்கும் என்பது பல ஆய்வுகளின் பொதுவான முடிவு. ஐந்து கிலோ குறைத்தவர் அதன் பயனைக் கிளினிக் கொப்பியிலேயே காணக் கூடும். இச்செய்தியைச் சொல்லாது “உடம்பைக் குறை” என்று மட்டும் சொல்வது, போகும் ஊரையும் தூரத்தையும் சொல்லாது ஒருவரை நடக்கச் சொல்வதாகும்.

நிறையைக் குறைக்கச் சொன்னவுடன் சோற்றைப் பகையாக்குவோரும் உளர். ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற வைத்தியர் வால்ரர் கெம்ப்னர், 1940களில் டியூக் பல்கலைக்கழகத்தில் கடுமையான இரத்த அழுத்தமுடையோர்க்குச் சோற்றையும் பழங்களையுமே முதன்மை உணவாகக் கொடுத்துப் பலருக்கு அழுத்தத்தை இறக்கிக் காட்டினார். அவ்வுணவில் உப்பு இல்லையெனலாம். எல்லோரும் பின்பற்றத்தக்க உணவன்று அது. ஆயினும் சோறு தன்னளவிற் குற்றவாளியன்று என்பதற்கு அது சான்று. கோப்பையில் மலைபோற் குவியும் அளவும், அதன்மேல் ஊற்றும் உப்புக் குழம்பும், பக்கத்தில் ஒரு கரண்டியாகச் சுருங்கிப்போன மரக்கறியுமே குற்றவாளிகள். கோப்பையின் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் கொடுத்து, எஞ்சிய பாதியைச் சோறும் பருப்பும் மீனும் பகிர்ந்துகொள்ளட்டும். வள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதியை மூலிகைக்கு அளிக்காது, அளவறிந்து உண்ணலுக்கே அளித்தார் என்பதை நினைவிற் கொள்வோமாக.

1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டாஷ்’ என்னும் ஆய்வு இன்னும் ஒன்றைக் காட்டியது. உண்போரின் நிறையையும் உப்பையும் மாற்றாது, பழம், மரக்கறி, கொழுப்புக் குறைந்த பால் ஆகியவற்றை மிகுத்துக் கொடுத்த அளவிலேயே, உயர் அழுத்தமுடையோரின் மேல் அழுத்தம் எட்டு வாரங்களுள் ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் இறங்கியது. 2001இல் அதனோடு உப்பையும் குறைத்துப் பார்த்தபோது அழுத்தம் மேலும் இறங்கியது. இதற்கு அமெரிக்கப் பழங்கள் வேண்டியதில்லை. வேலியில் நிற்கும் முருங்கை, வாய்க்கால் ஓரத்து வல்லாரை, பொன்னாங்காணி, முற்றத்து வாழை, பயறு, கௌபி, குரக்கன், தவிடு நீக்காத சிவப்பரிசி ஆகிய யாவும் நம்மிடம் உள்ளன. தேசிக்காயும் மிளகும் இஞ்சியும் உள்ளியும் கறிவேப்பிலையும் உப்பின் குறையைப் பெரிதும் மறைக்கும். சில வாரங்களில் நாக்கும் பழகிக்கொள்ளும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும், பொற்றாசியம் மிக்க உணவைக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும். பொற்றாசியம் கலந்த மாற்றுப்புக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடையே நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், அம்மாற்றுப்பைப் பயன்படுத்தியோரிடையே பக்கவாதம் 14 வீதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரக நோயாளருக்கும், சில வகை அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் அது தீங்காகலாம்.

இவ்வளவையும் அறிந்துவிட்டாற் போதுமா? போதாது. அறிவு வேண்டும், அறிந்தபடி ஒழுகுவதற்கு வழியும் வேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களில் விடியுமுன் கொழுந்து கொய்யப் புறப்படும் தாய்க்குக் கோதுமை மா ரொட்டியும் சம்பலுமே விரைவிற் செய்து கையோடு எடுத்துச் செல்லக்கூடிய உணவு. புதிய மீன் வாங்க இயலாத நாளிற் கருவாட்டுத் துண்டே ஏழையின் புரதம். இவர்களிடம் சென்று பழம் உண்ணுங்கள், பால் அருந்துங்கள் என்று துண்டுப்பிரசுரம் கொடுப்பது பரிகாசமாகும். கருவாட்டை நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு நீங்கும் என்று சொல்வதும், சம்பலில் உப்பைப் பாதியாக்கித் தேசிக்காயைக் கூட்டலாம் என்று செய்து காட்டுவதுமே உண்மையான கல்வி. கூலியும் விலைவாசியும் பற்றிய போராட்டத்திலிருந்து போசணை பற்றிய பேச்சைப் பிரித்துவிட முடியாது என்பதும் இதனாற் பெறப்படும்.

இங்கு மறுப்புக்கள் எழுவதை நாம் எதிர்பார்க்கின்றோம். நிலமும் மொழியும் ஆபத்தில் இருக்கையில் உப்பைப் பற்றிப் பேசுவதா என்பது முதலாவது. நிலத்திற் கால் ஊன்றி நிற்க மனிதர் வேண்டும் என்பதே நம் விடை. அடுப்படிக்குள் அரசாங்கம் நுழைவதா என்பது இரண்டாவது. அடுப்படிக்குள் நுழையுமாறு நாம் எவரையும் அழைக்கவில்லை. வீட்டிற் கறிக்கு இடும் உப்பை இல்லாள் குறைக்கலாம். பாணுக்குள் இட்ட உப்பை அவர் எவ்வாறு குறைப்பார்? அது வெதுப்பகத்திலும் தொழிற்சாலையிலும் நிகழ்வது. அங்கு செல்ல வேண்டியது சட்டமே. மக்கள் கேட்கமாட்டார்கள் என்பது மூன்றாவது. கேட்டிருக்கிறார்கள். பின்லாந்தில் 1972இல் வட கரேலியா மாகாணத்தில் இருதய நோய்க்கெதிரான மக்கள் இயக்கம் தொடங்கியது. 1993இல் உப்பு மிக்க பண்டங்களின்மீது அதனைப் பகிரங்கமாக எழுதவேண்டும் என்ற விதி வந்தது. அந்நாட்டவரின் உப்புக் குறைந்தது. தென்னாபிரிக்கா 2013இற் பிறப்பித்து 2016இல் நடைமுறைப்படுத்திய விதிகள் பாணின் உப்புக்கே உச்ச எல்லை வகுத்தன. சிலி நாட்டில் 2016 முதல் உப்பும் சீனியும் மிக்க பொதிகளின் முகத்திலே கறுப்பு எண்கோண முத்திரை ஏறியது. அந்நாட்டு மக்களின் நாக்கு வேறு, நம் நாக்கு வேறா?

இலங்கையிலும் சட்டம் அறவே இல்லை என்று நாம் கூறமாட்டோம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. அதன்கீழ் 2016இல் மென்பானங்களின் சீனிக்கும், 2019இல் ஏனைய பொதியிட்ட உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கும் நிறக்குறி விதிக்கப்பட்டது. நூறு கிராம் உணவில் 1.25 கிராமுக்கு மேல் உப்பிருப்பின் சிவப்பு. நல்ல விதி. ஆனால் சிவப்பு எதனைக் குறிக்கின்றது என்பது கடைக்கு வரும் தாய்க்குச் சொல்லப்பட்டதா? கண்ணாடிப் பெட்டிக்குள் பொதியின்றி அடுக்கப்பட்டிருக்கும் பணிசுக்கும் ரோல்சுக்கும் நிறம் எங்கே? ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருத்தல் வேண்டும் என்று நிறையிற் காட்டும் கண்டிப்பை, அதன் வயிற்றுக்குள் இருக்கும் உப்பின்மீதும் காட்டல் வேண்டும்.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் நிறைவேறியது. தமிழும் அரசகரும மொழி என்று அதிலேதான் எழுதப்பட்டது. அதே திருத்தத்தின் மாகாண சபை நிரலிலே சுகாதாரக் கல்வியும் போசணையும் உணவுச் சுகாதாரமும் இடம்பெற்றுள்ளன. மொழியுரிமையும் உணவறிவும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருப்பதை எத்தனை பேர் கவனித்தோம்? வட மாகாண சபை 2013இல் தெரிவு செய்யப்பட்டு 2018 ஒக்டோபரிற் பதவிக்காலம் முடிந்தது. அச்சபையைப் பற்றி நாம் நிகழ்த்திய வாதங்களில், ஊர் வைத்தியசாலையின் போசணை ஆலோசனை பற்றி எத்தனை வார்த்தை பேசினோம்? இக்குற்றச்சாட்டில் நம்மையும் சேர்த்தே சொல்கின்றோம். அதிகாரம் கேட்போர், அவ்வதிகாரத்தால் நாளை காலையில் எந்த வீட்டின் எந்தத் துயர் நீங்கும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

ஆகவே நமது கோரிக்கைகளைச் சுருங்கக் கூறுவோம். ஒன்று: இரத்த அழுத்தக் கிளினிக் நடைபெறும் ஒவ்வோரிடத்திலும், தமிழ் பேசும் மக்களுக்குத் தமிழிற் பேசி, அவர்கள் உண்ணும் உணவைக் கேட்டறிந்து வழிகூறும் பயிற்சி பெற்ற ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். காத்திருக்கும் அம்மணித்தியாலங்களே அதற்குப் போதிய நேரம். இரண்டு: உணவுப் பொதிகளின் போசணை விபரம் தெளிவான தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருத்தல் வேண்டும். மூன்று: பாணுக்கும் ஏனைய வெதுப்பக உணவுகளுக்கும் உப்பின் உச்ச எல்லை சட்டத்தால் வகுக்கப்பட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களால் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். நான்கு: பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலிருந்தே இச்சீர்திருத்தம் தொடங்க வேண்டும்.

அரசாங்கம் செய்யும்வரை கைகட்டி நிற்பதும் நமக்கு அழகன்று. சனசமூக நிலையம் ஒவ்வொன்றிலும் தராசொன்றும் அழுத்தம் அளக்கும் கருவியொன்றும் வைக்கலாம். அன்னதான மடங்களிற் சாம்பாரின் உப்பைச் சிறிது குறைக்கலாம். மாதர் சங்கங்கள் உப்புக் குறைந்த சமையலைச் செய்து காட்டலாம். கூட்டங்களில் வடையும் பற்றிசும் வழங்கும் நம் கட்சித் தோழர்கள், கடலையும் வாழைப்பழமும் வழங்கித் தொடங்கலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றனர் நம் முன்னோர். இன்று நமக்கு உப்பிடுபவர் தாய் மட்டுமல்லர். முகந்தெரியாத தொழிற்சாலையும் இடுகின்றது. எவர், எதனுள், எவ்வளவு இட்டார் என்பதை அறிந்துகொள்வது நம் உரிமை. அதனைத் தமிழில் அறிந்துகொள்வதும் நம் உரிமையே. அவ்வுரிமை கிடைத்த பின்னரும் ஒருவர் அளவை மீறுவாராயின், அப்பொழுது அவரைக் குறைகூறுவோம். அதுவரை, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக் காத்திருக்கும் அத்தாயின் சார்பிலே வாதாடுவதே நமது கடமை.